பத்து நாள் தண்ணீர் படக்கூடாது

இந்தத் தலைப்பில் உள்ளதைத் தெய்வானை ஆச்சியிடம் நான் சொல்லவில்லை. பிறகு, சொன்னதாகச் சொன்னேன். அவர் மருமகளிடம் சொல்லிவிட்டதாக, அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தையா இவள் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம்... தோன்றட்டும். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

காரைக்குடியில் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். மூன்று நாள் வகுப்பு ஒன்றைத் தவிர, யாரிடமும் முறையாகப் படித்தவள் இல்லை. கத்தரியும் நூலும் கைப்பழக்கத்தில் வந்தவை. மற்றதெல்லாம் கைபேசியில் பார்த்தும், வருகிறவர்கள் சொல்லக் கேட்டும் கற்றது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதும் பெண்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். கணவர் துபாயில் இருக்கும் ஒரு பெண், "வீடியோ கால்ல என் மூஞ்சி பாதிதான் தெரியுதுக்கா, அந்தப் பாதியை மட்டும் ஒழுங்கா வச்சுவிடுங்க" என்பாள். பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், "உங்கிட்ட வந்து தலையைக் குடுத்தாத்தான் இது என்னோடதுன்னே ஞாபகம் வருது" என்பார். இப்படிப்பட்ட பேச்சுகளை நான் மறப்பதே இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று நாள் கிழமையோடு சொல்வேன்.

அப்படிப்பட்ட எனக்கா, யாரிடம் எதைச் சொன்னேன் என்பது மறந்துபோகும்?

புருவத்துக்கு நிறம் ஏற்றுவதைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் பாவத்தின் அளவு உங்களுக்குப் பிடிபடாது. பழைய நாள் பச்சைக்குத்து மாதிரி ஆழமாகக் குத்துவது ஒன்று; நாள்பட நீலம் பாரித்துவிடும், அழியாது. சின்னக் கத்தி போன்ற ஒன்றால் முடிமுடியாகத் தோலை மேலாகக் கீறி நிறம் ஏற்றுவது இன்னொன்று, மைக்ரோபிளேடிங் என்பார்கள். இயந்திர ஊசியால் புள்ளி புள்ளியாகத் தூவி, மை தீட்டியதுபோல் ஆக்குவது மூன்றாவது, பவுடர் புருவம். பின்னிரண்டும் ஒன்று ஒன்றரை வருடத்தில் மங்கும். இளம் தோலில் கீறல் நன்றாக நிற்கும். வயதான தோலுக்கும் எண்ணெய் வடியும் தோலுக்கும் பவுடர்தான் சரி, கீறல் கலைந்துவிடும்.

எதுவானாலும் இரண்டு நாள் முன்னதாகக் காதுக்குப் பின்னால் துளி நிறம் வைத்து, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நான்கு நாள் கரிக்கோடு போட்டதுபோல் அப்பிக்கொண்டு நிற்கும். பிறகு பொருக்குத் தட்டி உதிரும். உதிர்ந்ததும் எல்லாம் போய்விட்டதோ என்று தோன்றும். மாதக் கடைசியில் நிறம் மேலே வரும். ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நாள் தண்ணீர் படக்கூடாது. பொருக்கு தானாக உதிர வேண்டும். ஊறிப் பிய்ந்தால் நிறத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். புண்ணாகவும் ஆகும்.

பார்த்தீர்களா, எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன்... இப்போது வருகிற ஒவ்வொருத்தியிடமும் இப்படித்தான் சொல்கிறேன். மூன்று முறை சொல்கிறேன். எழுதியும் கொடுக்கிறேன்.

தெய்வானை ஆச்சி கொத்தமங்கலத்துக்காரர். அவர் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் வீட்டிலேயே நடக்க இருந்தது. அன்றைக்குச் சேலை கட்டிவிட, அலங்காரம் செய்ய என்னை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, பெங்களூரிலிருந்து வந்திருந்த மருமகள் உமையாளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். ஈரப் பஞ்சை வாங்கி இரண்டு புருவத்தையும் தானே துடைத்தார்.

அங்கே ஒன்றுமே இல்லை.

"தைராய்டுல எல்லாம் உதிர்ந்துபோச்சுத்தா. பதினோரு வருசமா, யாரும் எந்திரிக்கிறதுக்கு முந்தி எந்திரிச்சு வரைஞ்சுக்கிறேன். எங்க வீட்டு மனுசருக்கே தெரியாது. இவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

முந்தின வருடம் ஆச்சிக்கு வலது கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தார்களாம். உமையாள் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து நாற்பது நாள் தங்கி, தினமும் கதவைத் தாழிட்டு மாமியாருக்குப் புருவம் வரைந்துவிட்டாளாம். "முதல்ல ரெண்டு நாள் ஒண்ணு கோவத்துல இருக்கும், ஒண்ணு சிரிக்கும்" என்றாள் உமையாள். ஆச்சி அவள் கையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். மாமியாரும் மருமகளும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்து நான் எங்கும் பார்த்ததில்லை.

"கலசத் தண்ணி ஊத்துவாகளே... பென்சிலு நிக்குமா? அம்புட்டு சனமும் சுத்தி நிக்கும். ஏதாச்சும் செய்யித்தா."

அறுபதாம் கல்யாணம் பார்த்திருப்பீர்கள். ஹோமம் முடிந்ததும் தம்பதியை மனையில் உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடை பிடித்து, கலச நீரை உறவுகள் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். பெரிய குடும்பமென்றால் ஊற்றி முடியவே அரை மணி நேரமாகும். அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் அவர் என்னிடம் வந்தார். அந்தத் தண்ணீர்தான் படக்கூடாதது.

எனக்குத் தெரியும். ஆச்சி சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரியும்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இப்ப வேணாம் ஆச்சி, விசேஷம் முடியட்டும். அன்னைக்குத் தண்ணி தாங்குற பென்சில்ல வரைஞ்சு, மேல கலையாம இருக்க ஒண்ணு பூசி விடுறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பூச்சு என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

ஏன் சொல்லவில்லை? எத்தனையோ விதமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன்... மதுரையில் மூன்று நாள் வகுப்புக்குப் போய், ரப்பர் தோலில் கீறிப் பழகி, இரண்டே இரண்டு பேருக்குச் செய்திருந்தேன். இருவரும் சின்னப் பெண்கள். ஆச்சி வீட்டு விசேஷப் படங்கள் மலேசியா வரைக்கும் போகும். "யாரு செஞ்சது?" என்று கேட்பார்கள். அந்த ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பதினோரு வருடப் பயத்தை ஒரே மத்தியானத்தில் துடைத்துப் போடப்போகிறவள் நான் என்ற கிறுகிறுப்பு. எது கூடுதல், எது குறைவு? தெரியவில்லை. அவர் தோலுக்குப் பவுடர்தான் ஏற்றது என்றும் தெரியும். அது எனக்கு அப்போது வராது. அதனால் அதையும் சொல்லவில்லை.

உமையாள்தான் கேட்டாள். "அக்கா, ஏழு நாள் போதுமா? அதுக்குள்ள ஆறிருமா?"

"தாராளமா" என்றேன்.

அவளுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெளியே போனாள். ஆச்சி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்க நாள் இல்லை; அதையும் விட்டேன். மரத்துப்போகக் களிம்பு தடவி, கீறினேன். வலித்திருக்கும். சத்தமே காட்டவில்லை. எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். "பொறந்தப்ப குடுத்ததைவிட நல்லாக் குடுத்திருக்கத்தா" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "உமையா, இங்குட்டு வந்து பாருடி" என்று கூப்பிட்டார். உமையாள் காதில் போனோடு எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பவும் வெளியே போனாள். இருவரும் கிளம்பும்போது களிம்புக் குப்பியை அவள் கையில் கொடுத்தேன். "காலையில ராவுல லேசா தடவிவிடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

விசேஷத்தன்று நான் வளவில், அந்த வீட்டின் நடு முற்றத்தில், தூணோரம், அலங்காரப் பையோடு நின்றிருந்தேன். தண்ணீர் ஊற்றி முடித்ததும் ஆச்சியை உள்ளே அழைத்துப் போய்ப் பட்டு மாற்றிவிடுவது என் வேலை. பையில், தண்ணீர் ஒட்டாமல் காக்கும் வாஸலின் களிம்பு இருந்தது. முன்னதாகவே கொஞ்சம் தடவிவிட்டிருந்தால் ஏதோ பாதியாவது தப்பியிருக்கும்... தடவப் போனால் "எதுக்குத்தா?" என்று கேட்பாரே. கை பைக்குள் போனது, வெளியே வந்தது. திரும்பப் போனது. அதற்குள் முதல் குடம் சாய்ந்துவிட்டது.

மஞ்சளும் சந்தனமும் கலந்த தண்ணீர். நான் குடங்களை எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் எண்ணப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். ஆச்சிக்குக் கண் எரிந்தது. பக்கத்தில் நின்ற உமையாள் வெள்ளைத் துண்டால் மெதுவாக, எத்தனையோ மெதுவாக, முகத்தை ஒற்றி எடுத்தாள். துண்டில் பழுப்புப் பழுப்பாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இடது புருவத்தில் பாதி காணோம். அந்த இடம் தோலுரிந்து சிவப்பாக இருந்தது.

பங்காளி வீட்டு அம்மா ஒருவர் கலசத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "என்ன ஆச்சி, ஆயுசு கேட்டுப் பாதிப் புருவத்தை ஓமத்துல போட்டுட்டீகளா?"

வளவே சிரித்தது. பக்கத்தில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த அவர் கணவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு விவரம் தெரியாது. பாவம், எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார். மிச்சமிருந்த குடங்கள் எல்லாம் குனிந்த தலையில்தான் விழுந்தன.

உள்ளறையில் நான், ஆச்சி, உமையாள், கூட இரண்டு மூன்று பெண்கள். ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

"தண்ணி படலாமான்னு நீ ஒண்ணும் சொல்லலையேத்தா?"

இங்கேதான். இந்த இடத்தில்தான். ஒரு மூச்சு விடும் நேரம் எனக்குக் கிடைத்தது. அதை வைத்து நான் என்ன செய்தேன் தெரியுமா?

"உமையாள்ட்ட சொல்லியிருந்தேனே ஆச்சி. பத்து நாள் படக்கூடாதுன்னு."

என் குரல் நடுங்கவில்லை. வருத்தம்கூடத் தொனித்தது... உமையாள் என்னைப் பார்த்தாள். பொய் என்று கண்டுபிடித்த பார்வையாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நேர்மையாக, நினைவைத் துழாவினாள். "சொல்லியிருப்பீக... நான்தான் போன்ல இருந்தேன் போல" என்றாள்.

ஆச்சி அவள் கையில் இருந்த துண்டைத் தானே வாங்கிக்கொண்டார். "ஆத்தாடி, தெரிஞ்சுதான் என்னைய மனையில ஒக்கார வச்சியா" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். அன்றைக்கு மீதிப் புருவத்தை வரைய உமையாள் பென்சிலை எடுத்தபோது, "நீ போயி வந்தவுகளைக் கவனி" என்று அனுப்பிவிட்டார். நான்தான் வரைந்தேன்.

புண் நீர் கோத்தது. தோல் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். இரண்டு வாரம் நாள் தவறாமல் கொத்தமங்கலம் போய் மருந்து போட்டேன். ஆறியபின் இடது ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு தழும்பு வழவழப்பாக நின்றுவிட்டது. அதில் எந்த நிறமும் பிடிக்காது. "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டா" என்று ஆச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு என்னைத் தேடி எத்தனையோ பேர் வந்தார்கள். சேர்த்து வைக்கவும் முடியாத, தூக்கி எறியவும் முடியாத ஒரே பேச்சு அதுதான்.

ஒரு மாதம் கழித்து உமையாள் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். "அக்கா, அன்னைக்கு நீங்க தண்ணி படக்கூடாதுன்னு சொன்னது எப்ப? எனக்கு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. அத்தை என்கிட்ட சரியா பேசுறதில்ல. தப்பு என்னோடதுதான், தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

எத்தனை முறை அடித்து அடித்து அழித்தேன் என்று அந்தத் தொடுதிரைக்குத்தான் தெரியும். கடைசியில் அனுப்பியது இது: "நடந்தது நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீங்க."

அவளை நான் மன்னித்தேன். புரிகிறதா உங்களுக்கு? அவளை, நான், மன்னித்தேன். அவள் நன்றி சொன்னாள்.

உண்மையைச் சொன்னால் கடை போய்விடுமா? ஆச்சி நாலு வார்த்தை திட்டுவார், நாலு பேர் வராமல் போவார்கள், அவ்வளவுதானே... இதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளாத வாரம் இல்லை. கொத்தமங்கலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, புறப்படும் முன் இறங்கி வந்ததும் உண்டு. நாளாக நாளாகச் சொல்வது லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும், ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்வி ஒரு மடங்கு கனத்துக்கொண்டே போகிறது.

போன வாரம் ஆச்சி நிறம் புதுப்பிக்க வந்தார். தனியாக வந்தார். இப்போது பவுடர் செய்யக் கற்றுவிட்டேன். உட்கார வைத்து, நூல் பிடித்து அளந்து, புருவத்தின் விளிம்பை வரைந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடியபடி அவர் பேசினார்.

"உமையா பொங்கலுக்கு வாரேங்கிறா. வேலை கெடக்கும், வரவேணாம்னு சொல்லிட்டேன். ஆனாலும் மனசு கேக்கலத்தா. நாப்பது நாளு தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு வரைஞ்சுவிட்ட பிள்ளை... அவ ஏன் அப்புடிச் செஞ்சா? நீ என்னா நெனைக்கிற?"

அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. கேட்டவர் கண்ணை மூடியிருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதைவிட லேசான ஒரு நேரத்தை யாராலும் எனக்குக் கொடுக்க முடியாது.

"பேசாதீக ஆச்சி" என்றேன். "கோடு கோணிப்போகும்."

அவர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

கோடு கோணவில்லை.