தொண்ணூற்றாறு படிகள்

போன ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. காபியில் இரண்டாவது வாய்கூடப் போகவில்லை. காலிங் பெல்.

கதவைத் திறந்தால், ஐந்தாவது மாடி மெட்டே.

"சார்... லிப்ட்டுல ஒட்டிக்கீற நோட்டீஸு, நீ எழுதினதா?"

இந்த ஒரு கேள்வியில் எனக்குக் கோபம் வர எத்தனை காரணங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணி. அந்த 'நீ'. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நோட்டீஸை எழுதியது நான்தான்.

மெட்டேயும் அவர் கணவர் ஆண்டர்ஸும் டென்மார்க்கிலிருந்து எங்கள் மந்தைவெளி அபார்ட்மென்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஆண்டர்ஸுக்குக் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் வேலை. மெட்டே வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ வரைகிறார். வந்த புதிதில் ஆண்டர்ஸ் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம், ரோட்டில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் நின்று, வண்டிகள் தனக்காக நிற்கும் என்று காத்திருப்பார். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் அங்கேயே நின்றிருப்பார். இப்போது மாநகரப் பஸ்ஸுக்கு நேராக ஒரு கையைக் காட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிடுகிறார். குடியுரிமையே கொடுத்துவிடலாம்.

மெட்டேயின் முன்னேற்றம் வேறு மாதிரி. மயிலாப்பூர் பக்கம் குடியேறும் வெளிநாட்டுக்காரர்கள் வழக்கமாக வீணை கற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் சமஸ்கிருதம். மெட்டே தமிழ் கற்றுக்கொண்டார். கஸ்தூரியிடம்.

கஸ்தூரி எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார். முன்பு அடையாறு ஆற்றோரம் வீடு. நடந்தே வந்துவிடுவார். அந்த வரிசையைக் காலி செய்து எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறி வருகிறார். காலையில் முதலில் ஐந்தாவது மாடியில் டென்மார்க் வீட்டு வேலை; வெளியே வேறு வீடுகளை முடித்துவிட்டு, மதியம் திரும்பி வந்து மூன்றாவது மாடியில் எங்கள் வீடு.

ஆக, மெட்டே பேசுவது அசல் கஸ்தூரித் தமிழ். லிஃப்டுக்குள் நாலாவது மாடி மாமி, "என்னம்மா, இன்னும் குழந்தை கிழந்தை ஒண்ணும் இல்லையா?" என்று வழக்கமான விசாரணையைத் தொடங்கியபோது, "இன்னா அவசரம் மாமி?" என்றாராம் மெட்டே. மாமி அதற்குப் பிறகு ஒரு வாரம் படியில்தான் போனார்.

படி என்றதும் விஷயத்துக்கு வருகிறேன்.

கஸ்தூரி தினமும் ஐந்து மாடி நடந்தே ஏறி வருவதை மெட்டே பார்த்திருக்கிறார். பார்த்து என்ன நினைத்தார் தெரியுமா? உடற்பயிற்சி! அவர்கள் ஊரில் வேண்டுமென்றே லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறுகிறவர்கள் உண்டாம். 'இந்த ஊரில்தான் மக்களுக்கு உடம்பின் மேல் எவ்வளவு அக்கறை' என்று வியந்து, தானும் காலையில் கீழே இறங்கிவந்து கஸ்தூரியோடு சேர்ந்து ஏற ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் ஒரு எண். ஒண்ணு, ரெண்டு, மூணு... மொத்தம் தொண்ணூற்றாறு படி. மெட்டேவுக்கு இன்றைக்கும் தமிழில் தொண்ணூற்றாறு வரைதான் எண்ணத் தெரியும். படிக்க இன்னும் வராது.

இப்படியே இரண்டு மாதம். போன சனிக்கிழமை எழுபத்தாறோ எழுபத்தேழோ சொல்லும்போது, கஸ்தூரி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முடியலம்மா. இந்த மாசத்தோட நின்னுக்கறேன். வேற ஆளு பாத்துக்கோ."

"இன்னாத்துக்கு? நாளிக்கு லிப்ட்டுல வா. எக்சர்சைஸு போதும்."

"எக்சர்சைஸா? தமாசு பண்றியா நீ? லிப்ட்டுல ஏறக் கூடாதும்மா. நோட்டீஸு ஒட்டிக்கீறாங்க பாரு."

"யாரு?"

"மூணாவது மாடி சாரு."

அதனால்தான் ஞாயிறு காலை ஏழு மணி.

'வீட்டு வேலைக்கு வருவோர் லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். — செக்ரட்டரி.' இதுதான் நோட்டீஸ். முடிவு அசோசியேஷனுடையது. அந்த 'அன்புடன்' மட்டும் என் சொந்தச் சரக்கு. அதைப் போட்டதற்காக நான் அன்று பெருமைப்பட்டுக்கொண்டது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது.

"ஆமா, நான்தான் எழுதினேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

என்ன அநியாயம் பாருங்கள். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் காரணம் வேண்டுமாம்! இந்தக் கட்டடத்தில் இருபது வருடமாக இருக்கிற நானே கேட்டதில்லையே?

"பக்கெட், துடைப்பம் எல்லாம் எடுத்துண்டு வருவாங்க. லிஃப்ட் அழுக்காயிடும்."

"அக்கா பக்கெட் கொண்டாரது இல்ல. பக்கெட் என் வூட்டுல கீது."

வாஸ்தவம். என் வீட்டு பக்கெட்டும் என் வீட்டில்தான் இருக்கிறது. லோடு, மின்சாரம், மெயின்டெனன்ஸ் என்று ஏதேதோ சொன்னேன். அதே நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்தது. நாலாவது மாடி லாப்ரடார் நாய், நனைந்த காலோடு, வாக்கிங் முடித்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. தினமும் இரண்டு வேளை போகிறது. முப்பத்தைந்து கிலோ இருக்கும். அதை அன்புடன் கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக, "எல்லா அபார்ட்மென்டிலும் இப்படித்தாம்மா" என்றேன்.

"ஓ" என்றார் மெட்டே. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உள்ளே வந்தால் என் புத்தக அலமாரி. மனித சமத்துவம் பற்றி மட்டும் ஒன்றரை ஷெல்ஃப் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கஸ்தூரிதான் தூசி தட்டுகிறார்.

அன்று மாலையே கார் பார்க்கிங்கில் அசோசியேஷன் கூட்டம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் மெட்டேயும் ஆண்டர்ஸும் வந்து கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் லாரி, சம்ப் கழுவுவது எல்லாம் முடிந்து தலைவர் ரங்கராஜன் "வேற ஏதாவது?" என்றதும் மெட்டே எழுந்தார்.

"அல்லாருக்கும் வணக்கம். கஸ்தூரி அக்காவுக்கு முட்டி வலிக்குது. ரெண்டு பஸ்ஸு மாறி வருது. லிப்ட்டு சும்மா நின்னுக்கினு கீது. இன்னாத்துக்கு அது நடக்கணும்? வேலைய வுட்டு நிக்கறேன்னு சொல்லுது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அது கஸ்தூரியின் வாக்கியம். சொல்லுக்குச் சொல் அவருடையது. ஒன்பது வருடமாக எங்கள் கட்டடத்தில் ஏறி இறங்குகிறவர் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோமா நாங்கள்? அவரே வந்து கேட்டிருந்தால், "வர வர வாய் ஜாஸ்தியாயிடுத்து" என்று சொல்லியிருப்போம். அதையே டென்மார்க் வழியாக வரவழைத்துக் கேட்டால் காது கேட்கிறது! என்ன ஜனங்கள் நாம்?

ரங்கராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஃபாரினர்ஸ் கேக்கறா. நாளைக்கு அவா ஊருக்குப் போய் நம்மளப் பத்தி என்ன சொல்லுவா? ஃபிஃப்த் ஃப்ளோருக்கு மட்டும் ஒரு எக்ஸெப்ஷன் குடுத்துடலாம். மத்தவாளுக்கு ரூல் ரூல்தான். செக்ரட்டரி சார், எழுதிண்டுடுங்கோ."

எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்தேன் என்கிறீர்கள்? அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதியம் கஸ்தூரி எங்கள் வீட்டுக்கு மேலேயிருந்து இறங்கி வந்தார். கீழேயிருந்து அல்ல, மேலேயிருந்து.

"என்ன கஸ்தூரி, மாடியிலேர்ந்து வர்றே?" என்றாள் என் மனைவி.

"மூணாம் நம்பரத் தொட்டா வாச்மேன் அண்ணன் கூவறாரும்மா. அஞ்சுக்குத்தான் பர்மிசனாம். அதான் அஞ்சு வரிக்கும் போயி, அங்கேர்ந்து ரெண்டு மாடி இறங்கி வரேன். இறங்கசொல்லோதான் முட்டி இன்னும் வலிக்குது."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்னா, நம்மாத்துல ஒரு ரூமை யாராவது டென்மார்க்காராளுக்கு வாடகைக்கு விட்டுடலாமா?"

இருபத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். இது போல ஒன்று வாங்கியதில்லை.

பத்து நிமிஷம் கழித்து, ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய், பழைய ஏடிஎம் கார்டு ஆகியவற்றோடு லிஃப்டுக்குள் நின்றேன். நல்ல பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தேன். சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கடைசிவரை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது அந்த 'அன்புடன்'தான்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "சார், இன்னா பண்றீங்க? நோட்டீஸு இல்லாம நான் எதைக் காட்டி நிறுத்தறது?"

"எதைக் காட்டுவீங்க?"

யோசித்தார். "ஒண்ணும் இல்லியே சார்."

அன்றிலிருந்து கஸ்தூரி நேராக மூன்றாவது மாடியில் வந்து இறங்குகிறார். மற்ற வீட்டு வேலைக்காரர்களும் அப்படியே. மெட்டேவிடம் 'நின்னுக்கறேன்' என்ற பேச்சைக் கஸ்தூரி மறுபடி எடுக்கவில்லை. நேற்று லிஃப்டில் கஸ்தூரி, மெட்டே, நான், லாப்ரடார். யாரும் யாரையும் அழுக்காக்கவில்லை.

ரங்கராஜனுக்குத்தான் பொறுக்கவில்லை. புது நோட்டீஸ் உடனே எழுதி ஒட்ட வேண்டுமாம். விதிப்படி அதை எழுத வேண்டியவர் செக்ரட்டரி.

செக்ரட்டரிக்கு நாலு நாளாகக் கை வலி. டாக்டரிடம் போகிற உத்தேசமும் இல்லை.