வைரப் பலகையும் இரும்புக்கையும்

இரும்புக்கைக்காரர் தன் மச்சானுக்கு ஆறாயிரம் கடன்பட்டிருந்தார். கத்தி தீட்டும் கடைக்கு முன்பணம் கட்டியவர் மச்சான். சாவியும் அவர் இடுப்பில்தான்.

"சாயங்காலத்துக்குள்ள பணம் வரலேன்னா, கடையைப் பூட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன் மாப்ள" என்று வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர் நம்மாள். ஆனால் கத்தி தீட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவர் அழுத்தித் தேய்த்தால் கல்லே கதறும். பேர் சும்மாவா வந்தது?

அன்று கையில் இருந்தது ஓட்டல் மாஸ்டர் கொடுத்த ஆறு கத்தி. கத்திக்கு ஆயிரம் கூலி. ஒன்று கெட்டாலும் கடை போச்சு. எஃகோ படுகடினம், சாதாரணச் சாணைக்கல் அதன்மேல் கண்ணாடியில் விரல் போல வழுக்கியது. சுழலும் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்து எஃகு செத்துப்போகும். வைரத்தூள் பதித்த பலகைதான் கடிக்கும். கல்லாவை வழித்து ஒன்று வாங்கியிருந்தார்.

மூன்று கத்திக்கு ஜோராகக் கூர் ஏறியது. நாலாவது வழுக்கியது. பலம்கொண்ட மட்டும் அழுத்தினார். இன்னும் வழுக்கியது. தடவினால், பலகை நடுவே மொட்டை! அழுத்த அழுத்தப் புதுப் பல் முளைப்பது சாணைக்கல். வைரப் பலகையை அப்படி அழுத்தினால் பல்லே கொட்டிவிடும். பெருமைப்பட்ட கையே குழி பறித்துவிட்டது.

"என்ன மாப்ள, வைரத்துக்கே வழுக்கையா?"

"வாயை மூடுண்ணே!" என்று உள்ளிருந்து வந்த மனைவி பலகையைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, ஓரமெல்லாம் சுரசுரன்னுதானே இருக்கு? கத்தியைத் தீட்டத்தான் சொன்னாங்க, கழுத்தை நெரிக்கச் சொல்லல."

யாரிடமும் பேச்சு வாங்காதவர் அன்று வாங்கிக்கொண்டார். தண்ணீர் தெளித்து, கத்தியின் கனம் மட்டும் படும்படி பலகை ஓரத்தில் தேய்த்தார். எறும்பு ஊர்கிற வேகம். வெளியே வெயில் சாய்ந்தது. மச்சான் சாவியை எடுத்து விரலில் சுழற்றினார். ஆறாவதை மரக்கட்டையில் பூசிய வைரப் பசையில் இழுத்து மெருகேற்றும்போது மாஸ்டர் வந்து நின்றார்.

மாஸ்டர் ஒவ்வொரு கத்தியாகக் காகிதத்தில் இறக்கினார். நாலாவதைத் திரும்ப ஒருமுறை இறக்கினார். காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது.

"கை சுத்தம்யா உமக்கு!"

"பின்னே, யார் கை?" என்றார். கண் மட்டும் மனைவி பக்கம் போனது.

வாங்கிய ஆறாயிரத்தை மடிக்கக்கூட இல்லை. மச்சான் நீட்டிய உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார்.