ராஜேஸ்வரிக்கு மூச்சு வாங்கிய கதை

ராஜேஸ்வரி படவேட்டுக்காரி. வேலூரில் நர்சிங் படித்தவள். ஜவ்வாது மலையில் ஓடும் ஆம்புலன்ஸ் ஒன்றில் மருத்துவ உதவியாளராகப் பல வருடமாக வேலை பார்க்கிறாள். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, படுத்திருப்பவரின் விரலில் கிளிப் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது அன்றாட வேலை. பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பதால் முப்பத்தைந்து வயதிலேயே உடம்பு கனத்திருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை காவலூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. வடிவு என்ற பெண்ணுக்கு மூச்சிழுப்பு, பேசக்கூட முடியவில்லை. பாதி வழியில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது.

"வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு ஸ்ட்ரெச்சரோட வர்றேன் மேடம். நீங்க முன்னால போங்க" என்றான் ஓட்டுநர் அருள்மணி.

சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருந்துப் பையோடு ராஜேஸ்வரி மேட்டில் ஓட ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் கால்கள் கேட்டதைச் செய்தன. இரண்டாவது வளைவு வருவதற்குள் தொடை எரிந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, கண் இருட்டியது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்போ என்று பயம் வந்தது. பையிலிருந்த கிளிப்பை எடுத்துத் தன் விரலிலேயே மாட்டினாள். நாடி நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றேழு.

இவ்வளவு மூச்சு வாங்குகிறது, ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை. நுரையீரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. இடறியது அதற்கு அடுத்த கட்டத்தில். ஓடும் தசை கேட்கிற வேகத்துக்கு இதயத்தால் ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. அப்படிப் போதாதபோது தசை, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை அவசரமாக உடைத்துச் சக்தி எடுத்துக்கொள்ளும். அதில் கிடைப்பது கொஞ்சம். கூடவே தசையில் அமிலத்தன்மை ஏறும். தொடை எரிவது அப்போதுதான். ரத்தத்தில் சேரும் கரியமில வாயுவை வெளியேற்றத்தான் மூச்சு அப்படி இறைக்கிறது. படித்த பாடம்தான், ஆனால் அன்றுவரை அது அவள் உடம்பில் நடந்ததில்லை.

மேலேயிருந்து வடிவின் புருஷன் கோவிந்தன் ஓடி வந்தான். "அம்மா, உக்காந்துகினு இன்னா பண்றீங்க? அவளுக்கு மூச்சே வரல. ஓடி வாங்கம்மா!"

ராஜேஸ்வரி எழுந்தாள். "ஓடுனா மறுபடியும் உக்காந்துடுவேன். நடந்தா நிக்காம வந்து சேந்துடுவேன். சிலிண்டரை நீங்க புடிங்க. அவங்களை ஒக்கார வச்சிருக்கீங்களா, படுக்க வச்சிருக்கீங்களா?"

"படுத்துனு கீறாம்மா."

"வீட்டுல இருக்கறவங்களுக்குப் போன் போடுங்க. நிமித்தி ஒக்கார வைக்கச் சொல்லுங்க."

கோவிந்தனுக்கு அந்த நடை பொறுக்கவில்லை. அவளைவிட பத்தடி முன்னால் போவான், திரும்பிப் பார்ப்பான், கெஞ்சுவான். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு இருக்கிற அளவுக்கே கால் வைத்தாள். அந்த வேகத்தில் வருகிற ஆக்சிஜனும் தசை கேட்கிற ஆக்சிஜனும் சரிக்குச் சரியாக இருந்தன. மேடு முழுக்க அவள் நிற்கவே இல்லை.

வடிவு சுவரில் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் எண்பத்து நான்கு. மாஸ்க் மாட்டி, மருந்தைப் புகையாகக் கொடுத்து, ராஜேஸ்வரி அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எண் தொண்ணூறைத் தாண்டிய பிறகு வடிவு சொன்ன முதல் வார்த்தை, "தண்ணி." அருள்மணி ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்ந்தான். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் அவள் வீடு திரும்பினாள்.

பாறையில் உட்கார்ந்திருந்த அந்த நேரம் ராஜேஸ்வரியை விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஒன்பது சொச்சம்தான்.

"தொண்ணூத்தேழு காட்டுச்சே டாக்டர்?"

"ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனை ஏத்திட்டுப் போற பஸ். இருக்கற பஸ் எல்லாம் ஃபுல்லாதான் ஓடுது. ஆனா பஸ்ஸே கம்மி. கிளிப்பு எத்தனை பஸ்ஸுன்னு சொல்லாது" என்றார் டாக்டரம்மா.

கர்ப்பிணிகளைக் கண்டால் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் விழுங்கச் சொல்பவள், இப்போது தானும் விழுங்கினாள். வேலைக்குப் போகும் முன் மலை ரோட்டில் நடக்கவும் தொடங்கினாள். டீக்கடைக்காரர், "இன்னாம்மா, உங்களுக்கும் சக்கரையா?" என்று கேட்டார். முதல் மாதத்தில் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. முழங்கால் வலிதான் மிச்சம். இரண்டு முறை விட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். தை பிறந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. அதே மேட்டில் நாடி முன்போல எகிறவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகியிருந்தது. தசைகளுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகளும் பெருகியிருக்க வேண்டும். அதைக் காட்டும் கருவி ஆம்புலன்ஸில் கிடையாது. எடை மட்டும் பெரிதாகக் குறையவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த ஆடியில், வண்டி போகாத இன்னொரு ஊரிலிருந்து பாம்புக்கடி என்று அழைப்பு. ராஜேஸ்வரி சிலிண்டரைத் தானே சுமந்து, வழியெல்லாம் போனில் கடிபட்டவரின் மகளிடம் கேள்வி கேட்டபடியே ஏறினாள். அருள்மணிதான் இரண்டு இடத்தில் நின்றான்.

"மேடம், கொஞ்சம் மெதுவா போங்க. எனக்கு மூச்சு இஸ்துகினு போவுது."

கடித்தது சாரைப்பாம்பு. அடித்து வைத்திருந்ததை ராஜேஸ்வரியே பார்த்தாள். ஆனாலும் கடிபட்டவரை விடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வந்தபோது பசி வயிற்றைக் கிள்ளியது. வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருந்தன. மூன்றாவது முறை சோறு கேட்டபோது மெஸ்காரம்மா சட்டியையே அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.