ஆண்டவரிடம் சொன்ன சண்டை

சேக்காட்டில் நாங்கள் குடியிருந்தது ஒற்றை அறை வீடு. ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் குடும்ப ஜெபம். அம்மா பாயை விரிப்பாள். அப்பா பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். பிறகு மூன்று பேரும் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எனக்குக் கூச்சம். என் முறை வந்தால் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, 'ஆமென்' மட்டும் வெளியே விடுவேன். மழையானாலும் காய்ச்சலானாலும் இது நின்றதில்லை. எங்கள் ஜெபச் சத்தம் கேட்டால்தான் பக்கத்து வீட்டில் உலை வைப்பார்கள்.

சித்தியின் கல்யாணம் பூந்தமல்லியில் நடந்தது. அப்பாவுக்கு அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. அன்றைக்கென்று ஏதோ அவசர வேலை வந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு அவர் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, வாசலிலேயே வரவேற்றார்.

"வாங்க மாப்ளே! சோத்துக்குக் கரெக்டா வந்துட்டீங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெடித்தது. கடைசியில் அப்பா, "நான் இன்னா பாஸ்டரா? நான் வராங்காட்டி கல்யாணம் நின்னுடுமா?" என்று கேட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஜெபம் நிற்கவில்லை. மறுநாளும் பாய் விரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஊட்ல மண்ணெண்ணெய் தீந்துபோச்சி ஆண்டவரே. ரேஷன் கடையில வந்துகீதாம். ஆம்பளைங்க வரிசை சின்னதா கீதாம் ஆண்டவரே."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கேன் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. நான் அசந்துபோனேன்.

அன்று ராத்திரி அப்பாவின் முறை. "கொழம்புல உப்பை அள்ளிப் போட்ற கையை ஆசீர்வதியும் ஆண்டவரே."

அம்மா விடவில்லை. "நேரத்துக்கு ஊடு வந்து சேரத் தெரியாதவங்களுக்கும் நல்ல புத்தியைக் குடும் ஆண்டவரே."

மறுநாள் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அப்பாவும் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். ஆண்டவர் எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் புரிந்தது: சத்தமாகக் கேட்டால்தான் அவர் காதில் விழும். அன்றிரவு முதன்முறையாக வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, எனக்கு ஒரு பம்பரம்."

மறுநாள் அப்பாவின் சாப்பாட்டுப் பையிலிருந்து பம்பரம் வந்தது, சாட்டையோடு.

சண்டை மட்டும் தீரவில்லை. ஒரு சாயங்காலம் மாமா வந்தார். "பேசாத ஆளோட இன்னாத்துக்கும்மா கெடக்குற? கொஞ்ச நாள் நம்ம ஊட்டாண்ட வந்து இரு" என்றார். அம்மா தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். என் சட்டையை வைக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அப்பா வந்து பையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கை கால் கழுவப் போனார்.

கிளம்பும் முன் அம்மா பாயை விரித்தாள். மாமாவும் முழங்கால் போட வேண்டியதாயிற்று.

என் முறை வந்தது. என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பம்பரத்துக்குத் திறந்த வாய் அம்மாவுக்குத் திறக்கவில்லை. அப்பா என் முதுகில் கையை வைத்துவிட்டு, தான் ஆரம்பித்தார். வெகுநேரம் 'ஆண்டவரே' என்பதைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

"ஆண்டவரே... நாளைக்கி அர நாள் லீவு போட்டுட்டு பூந்தமல்லி போறேன். புதுப் பொண்ணையும் மாப்ளையையும் விருந்துக்குக் கூப்புட்றேன். எல்லார் எதிர்லயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஆனா அவுங்க வந்தா சமைக்க ஊட்ல ஆள் வேணும் ஆண்டவரே. எனக்கு சோறு வடிக்கக்கூடத் தெரியாது, ஒமக்கே தெரியும்."

நான் அரைக்கண் திறந்து பார்த்தேன். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. கன்னம் மட்டும் ஈரமாக இருந்தது.

"சனிக்கெழமையா, ஞாயித்துக்கெழமையா?" என்றாள்.

அப்பாவும் கண்ணை மூடியபடியே, "ஞாயிறு. சர்ச்சு முடிஞ்சி" என்றார்.

"கறி ஒரு கிலோ பத்தாது."

மாமாதான் சத்தமாக "ஆமென்!" என்றார். "இத மொதல்லியே சொல்லியிருந்தா எனக்கு பஸ் காசு மிச்சம்" என்று முணுமுணுத்தபடி தனியாகக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு ஜெபம் பழையபடி ஆகிவிட்டது. வெறும் ஸ்தோத்திரமும் துதியும்தான். நான் சத்தமாகக் காற்றாடிக்கு மாஞ்சா நூல் கேட்டேன், வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "அம்மா, நீ அப்பாகூட மறுபடி சண்ட போடேன். அப்பத்தான் ஆண்டவர் கேக்குறாரு" என்றேன். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

ஆண்டவர் கேட்டதும் கொடுக்கிறார் என்பதுதான் அன்று எனக்குப் பெரிய அதிசயம். அப்பா நினைத்திருந்தால் அந்த நாட்களில் ஓவர்டைம் பார்த்துவிட்டு, ஜெபம் முடிந்தபின் வந்திருக்கலாம். அம்மா தலைவலி என்று சுருண்டு படுத்திருக்கலாம். ஒரு நாளும் செய்யவில்லை. எனக்குக் கல்யாணமாகி, மனைவியோடு முகம் கொடுத்துப் பேசாத முதல் ராத்திரியில், ஜெபத்துக்குப் பாய் விரித்தபின் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். கோபம் தீராமலே ஒருவர் பக்கத்தில் போய் முழங்கால் போடுவது எவ்வளவு பெரிய பாடு என்று அன்றுதான் தெரிந்தது.