செத்தவீட்டுப் பழக்கத்தில் எடுத்த வீடியோ

எங்கள் தீவில் யார் செத்தாலும் எனக்கு ஒரு வேலை இருக்கும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள். வந்து சேர முடியாது. போனில் செத்தவீட்டைக் காட்ட வேண்டும். சரவணையிலிருந்து நாரந்தனை வரைக்கும், "ரீச்சரைக் கூப்பிடுங்கோ, அவதான் வடிவா எடுப்பா" என்று என்னைத்தான் தேடுவார்கள். கை நடுங்காது என்பது ஒரு காரணம். மற்றது, எனக்கு ஆட்களைத் தெரியும். முப்பது வருடம் படிப்பித்தவளுக்குத் தெரியாத முகம் இந்தத் தீவில் குறைவு. வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர்கள் பிரேதத்தைப் பார்த்துக் கொஞ்சம் அழுதுவிட்டு, "ஆர் ஆர் வந்தவை எண்டு காட்டுங்கோ" என்றுதான் கேட்பார்கள். நியாயம்தானே. பிரேதம் எழும்பிப் போகப்போவதில்லை. வந்தவர்கள்தான் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம், என் தம்பியின் நினைவாக நடந்த கச்சேரியை இந்தப் பழக்கத்தால்தான் நான் பிழையாக எடுத்தேன்.

எனக்கு இரண்டு தம்பிமார். பெரியவன் பகலில் வீடுகளுக்கு வயரிங் செய்வான். பின்னேரங்களில் ஊர்காவற்றுறையில் நாலு பேரோடு சேர்ந்து ரொக் இசைக்குழு நடத்தினான். அவன் கிற்றார். நான் அதைச் சத்தம் என்றுதான் சொல்வேன். "தலையிடி வேணுமெண்டால் எனக்குப் பள்ளிக்கூடம் காணும்" என்று சொல்லி ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. அவன் சிரித்துவிட்டு வயர்ச் சுருளையும் கிற்றாரையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு போவான்.

சின்னவன் அந்தக் குழுவில் பாடியவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு பெரிய கச்சேரிக்கு நாலே நாள் இருக்கும்போது, அண்ணனிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் பிரான்சுக்கு வெளிக்கிட்டுவிட்டான். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவருக்கும் வாய் திறக்காதே என்று வெருட்டியிருந்தானாம். எனக்கே கொழும்பிலிருந்துதான் போன் எடுத்தான். பெரியவன் அந்தக் கச்சேரியை நிற்பாட்டினான். அதற்குப் பிறகு சின்னவனோடு கதைக்கவில்லை. சாப்பிடும்போது நான் அவன் பேச்சை எடுத்தால், சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி வெளியே போய்விடுவான். சின்னவனும் பயத்தில் அவனுக்குப் போன் எடுக்கவில்லை, வெட்கத்தில் குழுக்காரர் ஒருவரோடும் தொடர்பு வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி மாதிரி நான் நின்றேன். கொண்டுபோகத்தான் ஒரு கடிதமும் கிடைக்கவில்லை.

போன வருடம் பெரியவன் போய்விட்டான். நெஞ்சு நோகுது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சின்னவன் பிரான்சில் இருப்பதற்கான விசாக் காட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், வர ஏலாது. அன்றைக்கு நான் வீடியோ எடுக்கும் நிலையில் இல்லை. வேறு யாரோ எடுத்தார்கள். பெட்டியைத் தூக்கும் நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. உலகத்துக்கெல்லாம் செத்தவீடு காட்டினவளின் வீட்டில் அப்படி நடந்தது. 

அதற்குப் பிறகு சின்னவன் கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்பான். "அக்கா, அண்ணை கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ? என்னிலை கோவத்தோடைதான் போனவரோ?"

"ஒண்டும் சொல்லேல்லையடா" என்பேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. வந்தாலும் அவன் கண்டுபிடிப்பான்.

ஒரு வருடம் முடியச் செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு முதல் வந்த சனிக்கிழமை, குழுவில் மிஞ்சியவர்கள் சேர்ந்து பெரியவன் நினைவாகக் கச்சேரி வைத்தார்கள். வருடம் திரும்பமுதல் மேளமும் பாட்டுமோ என்று சொந்தத்துக்குள் முணுமுணுத்தார்கள். எனக்கும் மனதுக்குள் அந்தக் குறை இருந்தது. ஆனால் சின்னவன் கெஞ்சினான். அவனும் அண்ணனும் சேர்ந்து கட்டிய பாட்டை அன்றைக்குப் பாடப்போகிறார்கள் என்று கச்சேரி நோட்டீஸில் பார்த்தானாம். "மேடையை மட்டும் எடுங்கோ அக்கா. அண்ணைக்குப் பதிலாக் கிற்றார் வாசிக்கிறவற்றை கையை எடுங்கோ. ஆக்களைக் காட்டவேண்டாம், ஆக்களைப் பாக்க எனக்கு ஏலாது." ஓமென்று சொல்லிவிட்டுப் போனேன்.

சனசமூக நிலையத்து மைதானம் நிறையச் சனம். காரைநகரிலிருந்து பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் கடல் கடத்தும் மிதவையில் ஏறியும் வந்திருந்தார்கள். பெரியவன் இருந்த காலத்தில் அவன் கச்சேரியில் யாரும் போனைத் தூக்க ஏலாதாம். தூக்கினால் பாட்டை நிற்பாட்டிவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பானாம். அதனால்தான் அவன் வாசித்ததற்கு ஒரு வீடியோவும் இல்லை. அன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை. எல்லோர் கையிலும் போன்.

முதல் இரண்டு பாட்டும் சொன்னபடி மேடையைத்தான் எடுத்தேன். மூன்றாவது பாட்டில் நாரந்தனை மச்சாள் வந்தா. இவ வந்திருக்கிறாவே என்று போனை அந்தப் பக்கம் திருப்பினேன். அவவுக்குப் பின்னால் என்னிடம் படித்த பெடியன், பிறகு மீன் சந்தைக்காரர், பிறகு குருக்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, செத்தவீட்டில் பிரேதத்தின் தலைமாட்டிலிருந்து பந்தல் வாசல் வரை எடுப்பது போல எடுத்துக்கொண்டு போனேன். கை தன் பாட்டில் வேலை செய்தது. புத்தி எங்கே போனதென்று தெரியாது.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் நான் கவனிக்கவில்லை. அதுதான் அவர்கள் கட்டிய பாட்டு. வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருத்தன் கேள்வி கேட்பான், கொண்டக்டர் பதில் சொல்லுவான். கேள்வி பெரியவன், பதில் சின்னவன். பள்ளிக்கூட நாளில் குசினிக்குள் சட்டி தட்டிப் பாடி என்னிடம் ஏச்சு வாங்கிய பாட்டு. மேடையில் ஒருவர் கேள்வியைப் பாடி முடித்தார். அதோடு எல்லாம் நின்றது. கிற்றார் இல்லை, ட்ரம்ஸ் இல்லை. மைதானத்தில் கை தட்டிக்கொண்டிருந்த சனமும் நின்றது. என் போனுக்கு முன்னால் ஒரு தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். மீன் சந்தைக்காரர் தலையைக் குனிந்து விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மனுசியைக் கேட்டேன். "என்ன, கரண்ட் நிண்டிட்டுதோ?"

"சத்தம் போடாதேங்கோ ரீச்சர். இது உங்கடை தம்பி பாடுற இடம்."

"எந்தத் தம்பி?"

"பிரான்சிலை இருக்கிற தம்பி. உங்களுக்குத் தெரியாதே?"

தாளத்தில் எட்டுத் தட்டு முடிந்ததும் பாட்டு திரும்பத் தொடங்கியது. அடுத்த கேள்விக்குப் பிறகும் அதேபோல நிறுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள்கூட எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணீரும் வந்தது. போனை மட்டும் இறக்கவில்லை.

கச்சேரி முடிய ட்ரம்ஸ்காரரைப் பிடித்துக் கேட்டேன். சின்னவன் போன பிறகு நடந்த முதல் கச்சேரியிலேயே பெரியவன் சொல்லிவிட்டானாம், அந்த இடத்தை வேறு ஒருவரும் பாடக்கூடாது, என்ரை தம்பி வந்து பாடட்டும், அதுவரைக்கும் சும்மா விடுங்கோ என்று. மைக்கில் சனத்துக்கும் சொன்னானாம். பன்னிரண்டு வருடமாகச் சனம் அந்த எட்டுத் தட்டுக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கிற்றார்க்காரரின் கை ஓரிடத்திலும் இல்லை. முழுக்க முகங்கள். நடுவில் என் குரலும் அந்த மனுசியின் குரலும். என் அறியாமையையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதை வெட்டத் தெரிந்திருந்தால் வெட்டியிருப்பேனோ என்னவோ. அப்படியே அனுப்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் சின்னவன் போன் எடுத்தான்.

"நான் சொன்ன ஒண்டையும் நீங்கள் கேக்கேல்லை அக்கா" என்றான்.

"ஓமடா. செத்தவீடு எடுத்துப் பழகின கை."

"இல்லை, நல்லதாப் போச்சு. மேடையை மட்டும் எடுத்திருந்தால், பாட்டை மறந்துபோய் நிக்கினம் எண்டு நினைச்சிருப்பன்." பிறகு கேட்டான், "அந்த மனுசி சொன்னது உண்மையோ?"

ட்ரம்ஸ்காரர் சொன்னது முழுவதையும் சொன்னேன். அவன் அழத் தொடங்கினான். நாற்பது வயது ஆம்பிளை, வேலை செய்கிற இடத்தில் நின்றுகொண்டு அழுதான். பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. கோபம் இல்லை என்று தெரிந்த பிறகு அவனுக்கு ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை.

"ஊர் முழுக்கச் சொன்னவர், எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே அக்கா. அடுத்த பிளேனிலை வந்திருப்பன்."

எனக்கு அப்போது அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஊரிலை நானும்தானே இருந்தனான். ஒரு நாள் அவன்ரை கச்சேரிக்குப் போய் இருந்து கேட்டிருந்தால் நான் உனக்குச் சொல்லியிருப்பன். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சிருப்பியள்" என்றேன்.

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.