அடைத்த வீட்டுக்குக் குடிபோனோம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் யாரும் கட்டின வீட்டை வாங்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான், அம்மா, அப்பா மூன்று பேரும் வாடகைக்கு இருந்தோம். நான் கூட்டுறவு பண்டகசாலையில் கிளார்க். அப்பா தனியார் பஸ் டிரைவராக இருந்து ஓய்ந்தவர். ஒரு நாள் காலையில் சட்டை போடக் கையைத் தூக்கினார், வலது கை வரவில்லை. அன்றைக்குப் படுத்தவர்தான். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் நக்கல் மட்டும் குறையவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சொந்த வீட்டிலிருந்து போக வேண்டும். "ஆயுசு பூரா அடுத்தவன் வண்டிய ஓட்டிக்கினு, அடுத்தவன் வீட்ல படுத்துக்கினு இருந்துட்டேன். போறதாவது நம்ம வாசப்படி தாண்டிப் போறேனே" என்பார். இதையெல்லாம் ஒரு ஆசையென்று சொல்வதா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் வீடு தேட ஆரம்பித்தேன். எலி வளையானாலும் தனி வளை என்று அம்மாவும் ஒத்து ஊதினாள்.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீடு அமைந்தது. கொல்லையில் ஒரு முருங்கை மரம். அங்கிருந்து பார்த்தால் மலை உச்சி தெரியும். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். அவர் கடைக்கு மேலேயே குடும்பத்தோடு இருந்தார். செங்கம் ரோட்டு வீட்டில் கணவனை இழந்த அவருடைய அக்கா மட்டும் தனியாக இருந்தாள். முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டோம். அடுத்த மாதமே பத்திரப் பதிவு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பட்டா கடைக்காரருடைய தாத்தா பேரிலேயே இருந்தது தெரிந்தது. அதை மாற்ற அலைந்தோம். மாற்றி வருவதற்குள் புரட்டாசி வந்துவிட்டது, புரட்டாசியில் வீடு மாறக் கூடாது என்றார்கள். ஐப்பசியில் பத்திரம் எழுதுகிறவர் மாமியார் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் திரும்பியபோது கடைக்காரருடைய அக்கா, "இத்தன வருஷம் இந்தக் கொல்லையில நின்னுதான் தீபம் பார்த்தேன். இந்த ஒரு கார்த்திகையும் பார்த்துட்டுப் போறேம்மா" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து யார் மாட்டேன் என்று சொல்வது? சரி என்றேன். தீபமும் ஏறியது. அவளும் பார்த்தாள்.

மார்கழியில் ஒரு நாள் சாவி வாங்கலாமென்று போனேன். வீடு பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பின்பக்கச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ஓட்டை. இடித்த செங்கல் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது. ஓட்டையைத் தென்னங்கீற்றுத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். நான் பார்த்துப் பார்த்து விலை பேசிய வீடு! திருடன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா போயிடுச்சும்மா. அவிட்ட நட்சத்திரம். அடைப்பு" என்றார்.

அடைப்பு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவிட்டம் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு. வேறு சில நட்சத்திரத்துக்கு இரண்டு மாதம், மூன்று மாதம். பிணத்தை வாசல் வழியாக எடுக்காமல் சுவரை இடித்து வழி பண்ணி எடுப்பார்கள். உயிர் போன இடத்தைப் பூட்டிவிட்டு, சாயங்காலம் மட்டும் திறந்து விளக்கு வைப்பார்கள். அந்த வீட்டில் அதுவரை நல்லது எதுவும் நடக்காது. விற்பதும் வாங்குவதும் நடக்கவே நடக்காது.

"ஆனி மாசம் வரைக்கும் நான் அந்த வீட்டுப் பத்திரத்தையே தொட மாட்டேன். நீயே சொல்லு, தொட முடியுமா?" என்றார். செத்தவளை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே, ஆனி வரை அப்பா இருப்பாரா என்ற கேள்வியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

இந்த அலைச்சலில் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல், நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாதான். மாடியில் இருந்தாள். தங்கமான மனுஷி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் இறங்கி வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. சில நாட்களில் சாத்துக்குடி பிழிந்து கொண்டுவருவாள். "இன்னிக்கு இன்னாங்க, மூச்சு வாங்குது? கம்பவுண்டர வரச் சொல்லட்டுமா?" என்று பதறுவாள். சொன்னபடி கம்பவுண்டரை வரவழைத்து ஊசியும் போட வைப்பாள். சில நாட்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கும் ஆயிரம் வேலை இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அடைப்பு விஷயம் கேள்விப்பட்ட மறுநாள் அவள் இறங்கி வந்தாள். கையில் சாத்துக்குடிச் சாறு. அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் போனது. எப்போதுமே அப்படித்தான் போகுமோ என்னவோ, அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். டம்ளரை வைத்துவிட்டு என்னைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள்.

"தப்பா நெனச்சிக்காத கண்ணு. பொண்ணுக்கு மாசியில கல்யாணம் வெச்சிருக்கேன். இந்த வீட்லதான் பந்தல் போடணும். ஒங்கப்பாவுக்கு ஜாஸ்தி நாள் இல்லன்னு கம்பவுண்டரு சொல்றாரு. நாளும் கெழமையும் சரியில்லாம ஒண்ணு நடந்துட்டா, ஆறு மாசம் வீட்ட அடைச்சிட்டு நான் எங்க போவேன், சொல்லு? வேற எடம் பார்த்துக்கறீங்களா?"

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தேன். ரோகிணி, அதுவும் அடைப்பு நட்சத்திரம். போன வாரம் தொடர்ந்து சாறு வந்ததும் அவிட்டம் தொடங்கி ரேவதி வரைதான். போன மாதமும் இப்படித்தான் ஒரு வாரம் போலத் தொடர்ந்து சாறும் ஊசியும் வந்தன, பிறகு நின்றன. நடுநடுவே ரோகிணி அன்றைக்கு ஒன்று, விசாகத்தன்றைக்கு ஒன்று. என் அப்பா கெட்ட நட்சத்திரத்தில் சாகாமல் இருக்க அவள் சாத்துக்குடி பிழிந்திருக்கிறாள். நல்ல நட்சத்திரத்தில் அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். டம்ளரை எடுத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, விஷயத்தை அம்மாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். தங்கமான மனுஷி என்று ஊரெல்லாம் சொன்ன அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகத்தான் பேசினோம். அப்பாவுக்குக் கைதான் வராது, காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டோம்.

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து ஓடினேன். சிரிப்புதான்.

"அந்தம்மா சாறு கொஞ்சம் புளிக்கும்போதே நெனச்சேன்" என்றார். பிறகு, "ஏம்மா, அந்தச் செங்கம் ரோட்டு வீடு ஏற்கெனவே அடைச்சித்தானே கெடக்குது? அங்கயே போயிடலாமே. அடைச்ச வீட்ட இன்னொரு தரம் எவன் அடைக்கப் போறான்?"

எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அம்மா, "வாயில நல்ல வார்த்தையே வராதா ஒங்களுக்கு?" என்று கத்தினாள். அடைப்பு வீட்டுக்குப் பகலில் கூட ஆள் போகாது. அங்கே உலை வைத்துக் குடித்தனம் பண்ணினவர்களை யாரும் பார்த்ததில்லை. ஆனால் இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன், ஊரில் எங்களை வேண்டாம் என்று சொல்லாத வீடு அது ஒன்றுதான்.

விடிந்ததும் கடைக்குப் போய்க் கேட்டேன், கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "பைத்தியமாம்மா ஒனக்கு? பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் எனக்குத்தான்" என்றார். நான் விடவில்லை. "தெனமும் வெளக்கு யாரு வைக்கிறாங்க, ஐயா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. வீட்டில் ஒருத்தரும் பொழுது சாய்ந்து அங்கே போக மாட்டேன் என்றதால், கடையைப் போட்டுவிட்டு அவரே போய்க்கொண்டிருந்தார். "வெளக்க நாங்க ஏத்தறோம். அக்கா இருந்த அறையத் தொட மாட்டோம். கூடத்துல இருந்துக்கறோம். பத்திரம் ஆனியிலயே ஆகட்டும்" என்றேன். அவர் வெகுநேரம் அளவுகோலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சாவியை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

தை பிறந்ததும் போனோம். அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒரு வேன் கொண்டுவந்தார். அப்பா பின்னால் படுக்க மாட்டேன் என்று அடம். டிரைவர் பக்கத்து சீட்டில் துண்டைக் கட்டி உட்கார வைத்தோம். தெரு திரும்பும்போதெல்லாம் "ஹாரன் அடிப்பா" என்று அதிகாரம். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கையசைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

புது வீட்டில் பால் காய்ச்சவில்லை, வாசலில் மாவிலை கட்டவில்லை. அக்கம்பக்கத்தார் எங்கள் வாசலைத் தாண்டும்போது எட்டிப் போய்த் தாண்டினார்கள். முதல் வாரம் எனக்கு உடம்பு முழுக்க பயம். அந்த அறையைத் திறந்து விளக்கு வைக்கிற அவசரத்தில் எண்ணெயைக் கொட்டுவேன். அப்பா மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கட்டிலைக் கொல்லைப்பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். தட்டியை நகர்த்தினால் சுவர் ஓட்டை வழியாக மலை தெரியும். "எனக்கு வழி கூட ரெடியா வெச்சிருக்காங்க பாரு" என்று அம்மாவைச் சீண்டுவார். அவள் கரண்டியோடு வருவாள். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க யாரும் இல்லாத அந்த வீட்டில் நாங்கள் சத்தம் போட்டுச் சிரித்தோம். வாடகை வீட்டில் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. நான் காலண்டரைக் கொண்டுவரவே இல்லை.

பங்குனி உத்திரத்தன்று அவருக்கு மூச்சு முட்டியது. உத்திரமும் அடைப்பு நட்சத்திரம்தான். அன்று இரவைத் தாண்டிவிட்டார். மறுநாள் விடிந்து அம்மா காபி கொண்டுபோனபோது அவர் மலைப் பக்கம் பார்த்தபடியே போயிருந்தார்.

சங்கு ஊதுகிறவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னா நட்சத்திரம்?" என்பதுதான். பக்கத்து வீட்டுக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்கள். அஸ்தம். ஒரு தோஷமும் இல்லாத நட்சத்திரம். சுவர் ஓட்டை பக்கம் யாரும் போகவில்லை. வாசல் வழியாகவே எடுக்கலாம் என்றார்கள்.

எடுக்கிற நேரத்துக்கு வீட்டுக்காரம்மா வந்தாள். பெண் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பொய் அழுகை இல்லை, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"நல்ல நட்சத்திரமாச்சேம்மா. இது மின்னாடியே தெரிஞ்சிருந்தா நம்ம வீட்லயே இருந்திருக்கலாமே."

அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. திட்டுவதற்கு எழுந்தேன்.

அதற்குள் அம்மா தலையை நிமிர்த்தினாள். "அவரு அவரோட வீட்லதாம்மா போனாரு" என்றாள்.

பொய். பத்திரம் ஆக இன்னும் மூன்று மாதம் இருந்தது. வீடு இன்னும் கடைக்காரர் பேரில்தான் இருந்தது, அந்தக் கடைக்காரரும் மாலையோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவும் பார்த்தாள்.

"ஆமாங்க, அவரு வீடுதான்" என்றார் அவர். மாலையை அப்பாவின் மேல் போட்டுவிட்டு, வாசல்படி தாண்டும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.