சாயங்காலத்தில் அளந்த கால்

1963ஆம் ஆண்டு மழைக்காலம். கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. எதையும் எண் போட்டு எழுதிவைப்பது என் தொழில் தந்த பழக்கம். அதனால் நடந்ததை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. ஆவணி மாதம் என் கை கால் மூட்டுகள் வீங்கின. மதுரையில் ஒரு டாக்டர் முடக்குவாதம் என்றார். அப்போது எனக்கு வயது இருபத்துநாலு.
2. ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை.
3. பஜாரில் ஷூ தைக்கும் கடையில் என் பாதங்களைக் காட்ட மறுத்தேன்.
4. பாதங்களை நானே அளந்து, படம் வரைந்து கொடுத்தேன்.
5. அந்த ஷூவைப் பதினோரு நாள் போட்டுக்கொண்டு நடந்தேன்.
6. அதற்கடுத்த வாரம் என் வலது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

இதில் நான்காவது வரியைப் பற்றித்தான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம் முடிந்ததும் கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் வீடு பள்ளங்கியில். சரிவில் பூண்டும் பீன்ஸும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். குனிந்து ஒரு களை பிடுங்க முடியாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? படிக்கவைத்த அப்பாவிடம் நான் எதைச் சொல்லிக்கொண்டு போய் நிற்பது?

ஆஸ்பத்திரியில் எல்லோரும் மூடிய வெள்ளை ஷூ போட வேண்டும். நான் இரண்டு அளவு பெரிய கான்வாஸ் ஷூ வாங்கி, பிளேடால் பக்கவாட்டில் கிழித்துவிட்டு, புடவைக் கரையைத் தாழ்த்திக் கட்டி மறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேட்ரன் குனிந்து பார்த்துவிட்டார்.

"கமிட்டி வர்ற அன்னைக்கு இந்தக் கோலத்துல நிக்காத. ஒழுங்கா ஒரு ஷூ வாங்கிக்க" என்றார்.

கடைகளில் கிடைத்ததெல்லாம் முனை குறுகியவை. ஒன்றில்கூட என் பாதம் நுழையவில்லை. அதனால் பஜார் கோடியில் இருந்த ஷூ தைக்கும் கடைக்குப் போனேன். புருஷனும் பெண்சாதியும் நடத்திய கடை. இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அங்கிருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் ஷூ தைத்துக் கொடுத்தார்கள். புருஷன் தோல் வெட்டுவார். பெண்களுக்கு அளவெடுப்பது அந்த அம்மாள்.

"செருப்பக் கழட்டிட்டு இந்தக் காயிதத்துல ஏறி நில்லுங்கம்மா" என்றார் அந்த அம்மாள்.

நான் கழற்றவில்லை. பையைப் பிடித்திருந்த என் விரல்களை அவர் ஒரு கணம் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஜோடி செருப்பை எடுத்துவந்து முன்னால் வைத்தார். அகலமான வார், அடியில் பஞ்சு போல அமுங்குகிற கறுப்பு ரப்பர்.

"இத ஒரு தடவ போட்டுப் பாருங்க. நடக்கையில நோகாது."

அது யாருக்காகத் தைத்த செருப்பு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் தொழுநோயாளிகள் வருவார்கள். அவர்களுக்காக ஆஸ்பத்திரி இந்தக் கடையில் ஆர்டர் கொடுத்துத் தைக்கவைப்பது அது. அவர்கள் தோலில் கீறி எடுத்த மாதிரியைப் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதே நான்தான். அந்த நோய் எப்படி இருக்கும், எனக்கு இருப்பது எப்படி இருக்கும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. இருந்தும் அந்தக் கறுப்பு ரப்பரைக் கண்டதும் உடம்பெல்லாம் சுட்டது.

"எனக்கு அந்த நோய் கிடையாது" என்றேன்.

"நா நோயவா கேட்டேன்? காலத்தான கேட்டேன்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து புருஷன், "விடு புள்ள, அவுகளுக்குப் பிடிக்கல" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே பாதங்களை நானே அளந்தேன். முடக்குவாதத்தில் காலை நேரம்தான் மோசம். எழுந்து இரண்டு மணி நேரத்துக்குப் பாதம் மரக்கட்டை போல வீங்கி விறைத்துக் கிடக்கும். பகல் போகப்போகக் கொஞ்சம் இளகும். நான் தேர்ந்தெடுத்தது சாயங்காலம். வெந்நீரில் அரை மணி நேரம் காலை வைத்து, துடைத்து, கட்டிலில் உட்கார்ந்தபடி, பாரம் ஏதும் கொடுக்காமல் காகிதத்தில் பாதத்தைச் சுற்றி வரைந்தேன். காலிப்பரை வைத்துப் பதினெட்டு அளவுகள் எடுத்தேன். எல்லாம் மில்லிமீட்டரில். படம் மிக அழகாக வந்திருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு உதவியாளர் மூன்று முறை பார்த்துவிட்டு, நல்லதாக வந்த எண்ணை மட்டும் எழுதினால் நான் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது.

படத்தைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். "இம்புட்டுக் கணக்கு கோயிலு கட்டுறவன்கூடப் போடமாட்டான்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "காயிதத்துக்கு ஷூ தச்சா, காயிதந்தான் அதப் போட்டு நடக்கணும். கால வச்சுக் காட்டுங்கம்மா."

"இந்த அளவுக்குத் தைக்க முடியுமா, முடியாதா?"

"தைக்கலாம்" என்றார். "ஒரு நூலு கூடாது, ஒரு நூலு கொறையாது."

சொன்னபடியே தைத்தார்கள். வெள்ளைத் தோல், ஒற்றை வார், சின்னக் குதிகால். அவ்வளவு நேர்த்தியான ஷூவை நான் அதுவரை போட்டதில்லை. போட்டுப் பார்த்தது ஒரு சாயங்காலம் என்பதால் அது சரியாகவும் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாதம் உள்ளே நுழையவில்லை. நுழைத்தேன். பக்கிளை மாட்ட விரல் மடங்காததால், ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கியால் வாரை இழுத்து மாட்டினேன். ஊழியர் விடுதியிலிருந்து கூடத்துக்கு நாற்பது படி ஏற வேண்டும். மழையில் அவை எப்போதும் நனைந்தே இருக்கும். ஆஸ்பிரின் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் காதில் ஓயாத ரீங்காரம். ஏற்கெனவே இருந்த வலியில் புது வலியைப் பிரித்துப் பார்க்கவில்லை. கமிட்டி வரை தாங்கினால் போதும் என்று இருந்தேன்.

கமிட்டியில் நான்கு பேர். கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தும் காட்டினேன். திரும்பும்போது எங்கள் லேடி டாக்டர், "வலது ஷூல என்னமோ ஊறியிருக்கே" என்றார்.

"தண்ணி டாக்டர். படியெல்லாம் ஈரம்."

"கழட்டு."

என்னால் கழற்ற முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரே தரையில் உட்கார்ந்து கத்தரியால் வாரை வெட்டினார். காலுறை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. வாடை மேஜை வரைக்கும் போயிருக்க வேண்டும். ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

சுண்டுவிரல் புண் எலும்பு வரை போயிருந்தது. விரலை எடுத்த பிறகு மூன்று வாரம் வார்டில் படுத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் அந்த அம்மாள் வந்தார். நலம் விசாரிக்க வந்தாராக்கும் என்று நினைத்தேன். அவர் உட்காரவே இல்லை.

"எங்க ஷூவப் போட்டு ஒரு பொண்ணுக்குக் காலே போச்சுன்னு பஜாரெல்லாம் பேச்சா கெடக்கு. பள்ளிக்கூடத்துல இந்த வருசம் ஆர்டர் இல்லைன்னுட்டாங்க. நீங்க கொடுத்த அளவுக்குத்தான தச்சோம்? சொல்லுங்கம்மா."

மடியிலிருந்து என் படத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார். என் கையெழுத்தில் பதினெட்டு அளவுகள். அதில் ஒன்றுகூட என் காலை ஏழு மணிப் பாதத்தினுடையது அல்ல.

அன்றே பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினேன். எனக்கு முடக்குவாதம் என்றும், அதை மறைத்து அளவைத் தவறாகக் கொடுத்தது நான் என்றும், தைத்தவர்கள் மேல் குற்றமில்லை என்றும் மூன்று வரி. எனக்கு இருக்கும் நோயை முதன்முதலாக என் கையால் எழுதியது அந்தக் கடிதத்தில்தான். பதில் மரியாதையாக வந்தது. ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

வார்டை விட்டு வந்ததும் அந்தக் கடைக்குப் போய் அதைச் சொன்னேன். அந்த அம்மாள் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கு வெள்ளனே வாங்க. வெந்நீ கிந்நீ ஊத்தாம வாங்க" என்றார்.

மறுநாள் அவர் முன்னால் காகிதத்தில் ஏறினேன்.

"உக்காராதீங்க, நில்லுங்க."

"நிக்க முடியல."

"முடியாம நிக்கிற காலத்தாம்மா அளக்கணும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பென்சிலால் மெதுவாகச் சுற்றி வரைந்தார். நான் வரைந்த படத்தைவிட இது பெருவிரல் பக்கம் அரை அங்குலம் அகலமாக இருந்தது. விரல் இல்லாத இடத்தில் பென்சில் உள்ளே போய் வெளியே வந்தது.

மூன்று வருடம் ஆகிறது. கறுப்பு ரப்பரின் மேல் வெள்ளைத் தோல் வைத்துத் தைத்த ஷூவைத்தான் போடுகிறேன். பார்க்க அழகாக இருக்காது. நடக்கலாம். பஸ்ஸில் சிலர் தள்ளி உட்காருகிறார்கள். அந்தப் பள்ளிக்கூட ஆர்டர் கடைக்குத் திரும்பி வரவே இல்லை. அவர்கள் இப்போது வத்தலக்குண்டில் கடை வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் நான்.

என் வேலை நிரந்தரமாகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு நீட்டிக்கிறார்கள். அந்தப் பரிசோதனையைக் காலை ஏழு மணிக்கு வைக்கும்படி நானே எழுதிக் கேட்டிருக்கிறேன். நான் மிக மோசமாக நிற்கும் நேரம் அது. அப்போது பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளட்டும்.